முந்தி இழுத்த கை

ஒரு ஆளைப் பார்த்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் நகத்தைப் பார்ப்பார். பாளையங்கோட்டையில் நான் கம்பவுண்டராக இருந்த ஆஸ்பத்திரிக்குள் யார் நுழைந்தாலும் சரி, நோயாளியோ, நோயாளியைப் பார்க்க வந்தவரோ, விறகு போட வந்தவரோ, அவருடைய பார்வை நேரே விரல் நுனிக்குத்தான் போகும். எட்டும் தூரத்தில் இருந்தால் கையைப் பிடித்தே பார்த்துவிடுவார். நகத்தை அழுத்தி, வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதென்று கவனிப்பார். பிறகு மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிடித்த கையை லேசில் விடமாட்டார்.

ஒருமுறை சேரன்மகாதேவிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் தன் வேலையாளைப் பார்க்க வந்திருந்தார். பிறத்தியார் தொட்டால் குளிக்கிற வர்க்கம். நானும் அதே வர்க்கந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இவரோ கடற்கரை ஆள், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பண்ணையார் கட்டிலைக் காட்டி ஏதோ கேட்கக் கையை நீட்டினார். நீட்டிய கை இவருடைய பிடியில் போய் மாட்டிக்கொண்டது.

"அய்யாவுக்கு ரத்தம் காணாது. முருங்கக்கீர சாப்பிடணும்" என்றார் இவர்.

பண்ணையாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "யாருவே இந்த ஆளு? கைய விடச் சொல்லும்வே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னும் அர நிமிசம்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் கயித்துக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. கட்டுத்துணிகளைத் துவைத்துக் கொதிக்க வைப்பது அவருடைய வேலை. ஆபரேஷன் நடக்கும்போது மட்டும் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த வேலையை அவருக்குக் கொடுத்தது டாக்டர். கொடுத்ததற்காக அடிக்கடி தலையில் அடித்துக்கொண்டதும் டாக்டர்தான்.

கயித்துக்காரர் என்ற பெயர் கடலிலிருந்து வந்தது. அவர்கள் ஊரில் சங்கு குளிக்கப் போகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தோணியிலிருந்து இறங்குவார். மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவர் கயிற்றை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுவார், மேலே இருப்பவர் உடனே இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்கள், பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அறும்படி எவனும் கையைச் சோம்பலாக வைத்திருக்கமாட்டான் என்பது அவர்களுடைய நினைப்பு. இவருக்கு ஒரே தங்கை. அவள் புருஷனுடைய கயிறு இவர் கைக்கு வந்தது.

வந்த நாளிலிருந்து வம்புதான். மைத்துனர் கயிற்றைச் சுண்டும்வரை இவருக்குப் பொறுமை இருக்காது. கீழே மூச்சு முட்டியிருக்குமோ என்று மேலே இவருக்கு மூச்சு முட்டும். இழுத்துவிடுவார். பக்கத்துத் தோணியில் ஆட்கள் சங்கோடு வருவார்கள், இவருடைய மைத்துனர் வாய் நிறைய வசவோடு வருவார்.

"சங்கு மேல அப்பந்தான் கைய வைக்கேன். வச்ச கை வச்சபடி இருக்க, நான் ஆகாசத்துல தொங்குதேன். நீரு கயிறு பிடிக்க வந்தீரா, மீன் பிடிக்க வந்தீரா வே?" என்று மைத்துனர் கேட்டாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்ததே இவர்தான்.

கடைசியில் தங்கையே வந்து சொன்னாள்: "அண்ணே, ஒங்க கையில கயிறு இருக்க மட்டும் எந் தாலிக்கு ஒரு கொறயும் இல்ல. அடுப்புதான் எரிய மாட்டேங்கு." கயிற்றை ஒரு சித்தப்பா மகனிடம் கொடுத்தார்கள். பங்குச் சாமியார் ஒரு கடுதாசி எழுதிக்கொடுத்து, இவரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவைத்தார்.

கயிறு போனாலும் குணம் போகவில்லை. குளோரோபாரம் கொடுத்து ஒருவரைப் படுக்க வைத்திருப்பார்கள். டாக்டர் வயிற்றைத் திறந்து கவனமாக வேலை செய்துகொண்டிருப்பார். திடீரென்று தலைமாட்டிலிருந்து, "அய்யா, நாடி!" என்று ஒரு அலறல் வரும். டாக்டர் கத்தியை வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால் நாடி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். "எறங்குற மாதிரி இருந்துது அய்யா" என்பார் இவர். மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி ஒருவருக்குக் குடலிறக்கம். அந்த மனிதருக்கு ஐந்து துடிப்புக்கு ஒரு துடிப்பு விட்டுப்போவது பிறவிப் பழக்கம் போலிருக்கிறது. ஒவ்வொரு தடவை விட்டபோதும் இவர் கத்தினார். டாக்டர் பாதியில் தையல் போட்டு முடித்து, ஒரு மாதம் கழித்து மறுபடியும் அறுக்க வேண்டியதாயிற்று.

அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நாடி இறங்கினால் ஒருதரம் சொல்லும். பைய சொல்லும். கேட்பதற்கு எனக்குக் காது இருக்கிறது. இனிமேல் கத்தினால் இந்த அறைக்குள் உமக்கு வேலை இல்லை."

நான் இதை வைத்துச் செய்த கூத்துக்கு அளவில்லை. பால்காரர் செம்பைச் சாய்த்தால், "அய்யா, நாடி!" என்று மருந்தறையிலிருந்து அவர் குரலிலேயே கத்துவேன். பாட்டிலில் மருந்து குறைந்தாலும் அதே கத்தல். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். என் வாய்க்கு அப்போது இருபத்தாறு வயது.

அவர் கத்தியது எல்லாமே வீண் என்று எழுதினால் அது பொய். ஒரு பனையேறியைத் தொடையில் அரிவாள் பட்டுத் தூக்கிவந்தார்கள். கட்டுப் போட்டிருந்தது, வெளியே ரத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆள் பெஞ்சியில் சாய்ந்து பதநீர் விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் ஒரு கொட்டாவி விட்டார். அதைப் பார்த்ததும் துணி துவைத்துக்கொண்டிருந்த இவர் ஈரக்கையோடு ஓடிவந்து, அந்த ஆளை அப்படியே வாரி மேசைமேல் கிடத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். கட்டை அவிழ்த்தால் உள்ளே பெரிய நாளம் அறுந்து, துணிக்கு அடியில் கட்டிகட்டியாக ரத்தம். டாக்டர் முடிச்சுப் போட்டு நிறுத்தினார். ஆள் பிழைத்துக்கொண்டார்.

"கொட்டாவி விட்டதுக்கு இம்புட்டுக் கூச்சலா வே?" என்று பிறகு கேட்டேன்.

"ரத்தம் போனவன் கொட்டாவி விட்டா அது ஒறக்கம் இல்ல கம்பவுண்டரய்யா. காத்துக்கு அலையுதான். கடலுக்குள்ள இருந்து ஏறுனவனும் அப்பிடித்தான் வாயப் பொளப்பான். சரக்கு கரையில கெடந்து என்ன செய்ய, ஏத்திக்கிட்டுப் போவத் தோணி வேணும்லா? காத்து வெளிய எம்புட்டுக் கெடந்தாலும் ரத்தந்தான தூக்கிட்டுப் போவணும்" என்றார்.

படிப்பு இல்லாத மனிதர். நான் சோதனை எழுதித் தேறிய கம்பவுண்டர். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதுகு ஊசி வந்தது. டாக்டர் சென்னைக்குப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். நோயாளியை உட்காரவைத்துக் குனியச் செய்து, முதுகெலும்பின் இடுக்கில் நீளமான ஊசியைக் குத்தி மருந்தைச் செலுத்தினால், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். குளோரோபாரம் வேண்டாம், மயக்கம் வேண்டாம். முதன்முதலில் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு அழுகிய பாதத்தை எடுத்தார்கள். எடுத்து முடிக்கும்வரை அவர் ஒரு வரப்புத் தகராறின் கதையைச் சொல்லிக்கொண்டே கிடந்தார். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களுக்குந்தான்.

கயித்துக்காரருக்கு மட்டும் அந்த ஊசி பிடிக்கவில்லை. நாலைந்து பேருக்குப் போட்ட பிறகு மருந்தறைக்கு வந்து நின்றார்.

"கம்பவுண்டரய்யா, ஒண்ணு கவனிச்சியளா? இந்த ஊசி போட்ட ஒடன எல்லாருக்கும் நாடி ஒரு படி எறங்குது. ஆனா கால் மட்டும் சூடாவுது."

"கால் சூடானா நல்லதுதான வே? சில்லிட்டாத்தான பயப்படணும்."

"அதான் எனக்கு வெளங்க மாட்டேங்கு. நாடி எறங்குனா கால் சில்லிடணும். இது தலகீழா இருக்கே."

"டாக்டர்ட்டப் போய்க் கேளும்" என்றேன். அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் வாய்ப்பூட்டு போட்டிருந்தார்களே.

என் மனைவியைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷம். தலைப்பிரசவத்துக்குச் சேரன்மகாதேவியில் அவள் தாய்வீட்டில் இருந்தாள். விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. மருத்துவச்சி கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். ரத்தம் நிற்காமல் போகவே, மாமனாரும் மாமியாரும் அவளைக் காலை ரயிலில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் காய்ச்சல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். மாமியாரின் குரல் கேட்டுத்தான் வெளியே வந்தேன்.

வண்டிக்குள் அவள் காகிதம்போல வெளுத்துக் கிடந்தாள். மாமியார் அவளுடைய பாதங்களை மடியில் வைத்துச் சுக்குப்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் ஏறியதிலிருந்து தேய்க்கிறாராம். "கால் சூடு வரமாட்டேங்கே, மாப்ள! கல்லாட்டம் கெடக்கே!" என்று அழுதார். நான் தொட்டுப் பார்த்தேன். ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த கல்தான்.

அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "பொம்பளப் பிள்ள. ஒங்க மூக்கு" என்றாள். "அத்தகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம். பாலுக்கு அழுவும். என்னச் சீக்கிரம் அனுப்பிருவியளா?"

அனுப்பிவிடுவேன் என்று சொன்னேன்.

டாக்டர் பார்த்தார். உள்ளே கை விட்டு நஞ்சை எடுத்தால்தான் ரத்தம் நிற்கும். இவ்வளவு தளர்ந்த உடம்புக்குக் குளோரோபாரம் கொடுத்தால் நெஞ்சு தாங்காது, முதுகு ஊசிதான் பத்திரம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மருந்தை ஊசியில் ஏற்றிக்கொடுத்தவனே நான்தான்.

அறைக்குள் போகும்போது கயித்துக்காரர் என் தோளைத் தொட்டார். "நாடி இப்பவே நூலாட்டம் கெடக்கு அய்யா. இதுல ஒரு படி எறங்குனா மிச்சம் என்ன இருக்கும்?"

"டாக்டருக்குத் தெரியாததா ஒமக்குத் தெரிஞ்சிட்டு? பேசாம வாரும்வே" என்று எரிந்து விழுந்தேன்.

அவளை உட்காரவைத்துக் குனியச் செய்து, விழுந்துவிடாமல் மார்போடு தாங்கிக்கொண்டது அவர்தான். ஊசி போட்டுப் படுக்கவைத்ததும் தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காலைப் பிடித்துக்கொள்ள ஆள் போதவில்லை. அதனால் ஒரு காலை நர்ஸம்மா பிடித்தார், இன்னொன்றை நான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வேலையை ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். என் கைக்குள் இருந்த அந்தக் கல் இளகிற்று. முதலில் என் கைச்சூடோ என்று நினைத்தேன். இல்லை. பாதம் தானாகவே வெதுவெதுப்பாகி, பிறகு நன்றாகச் சூடேறியது. விரல்களில் சிவப்புகூடத் தெரிந்தது. காலையிலிருந்து ஒரு தாய் தேய்த்துத் தேய்த்து வராத சூடு.

"சூடாயிட்டு!" என்று கத்தினேன். "டாக்டரய்யா, கால் சூடாயிட்டு!"

கதவுக்கு வெளியே மாமியார், "காந்திமதித் தாயே!" என்று தரையில் விழுந்து கும்பிட்ட சத்தம் கேட்டது. என் மனைவி என் கத்தலைக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் ஒரு கொட்டாவி விட்டாள். "ஒறக்கம் வருது" என்றாள்.

"அய்யா, நாடி" என்றார் கயித்துக்காரர். ஒருதரம். பைய.

டாக்டர் திரும்பாமலே இடது கையால் அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். "கால் நன்றாகச் சூடாக இருக்கிறதே. நல்ல அறிகுறி. சும்மா இரும்" என்றார்.

கயித்துக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அந்தக் காலைக் கன்னத்தில் வைத்திருந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவள் இன்னொரு கொட்டாவி விட்டாள். அதற்கப்புறம்தான் அவர் கத்தினார். அறையே அதிரும்படி கத்தினார். அப்போது அவர் விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். காலைத் தூக்கித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். நாளத்தைத் திறந்து உப்புத் தண்ணீர் விட்டார்கள். ரத்தப்போக்கு அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது, நஞ்சும் வந்துவிட்டது. அவள் உதடும் நகமும் சாம்பல் பூத்துப்போயின. கட்டுகளை அவிழ்த்த பிறகும் வெகுநேரம் அவள் பாதத்தில் சூடு இருந்தது. அது இருக்கும்வரை நான் விடவில்லை. நர்ஸம்மாதான் என் விரல்களைப் பிரித்து எடுத்தார்.

வராந்தாவில் மாமனார், "சூடு வந்துட்டுன்னீய, அதுக்குள்ள எப்பிடிப் போவும்? நாடி பிடிச்சிட்டு இருந்தது யாரு?" என்று கேட்டார். டாக்டர் உள்ளே இருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் அய்யா" என்று கயித்துக்காரர் முன்னால் வந்தார். "கயிறு எங் கையிலதான் இருந்துது. இழுக்கப் பிந்திட்டேன்."

அவர் என்ன சொல்லுகிறார் என்றே மாமனாருக்குப் புரியவில்லை. கடைசி வார்த்தை மட்டும் புரிந்தது. மாமியார் முற்றத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் தலையில் தூற்றினார், வம்சம் விளங்காது என்று சபித்தார். அவர் தலையைத் துடைக்காமல் நின்றார். அவர் ஒருதரம் சொன்னதும், என்னுடைய கூச்சல் அதை அமுக்கியதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அவர் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, மாற்றலாகிப் போவதற்கு முன்னால், டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் அதுவரை யாரையும் எதிரில் உட்காரச் சொன்னதில்லை.

"அந்தச் சூட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். "ரத்தம் குறைந்தால் உடம்பு என்ன செய்யும் தெரியுமா? கால் கையில் உள்ள நாளங்களை எல்லாம் சுருக்கிக்கொள்ளும். இருக்கிற கொஞ்சத்தை நெஞ்சுக்கும் மூளைக்கும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் கால் சில்லிட்டுப்போகிறது. அவள் அந்தச் சில்லிப்பினால்தான் சேரன்மகாதேவியிலிருந்து இங்கே வரை உயிரோடு வந்தாள். நம் ஊசி அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிட்டது. இருந்த ரத்தம் காலுக்கு இறங்கிவிட்டது. நீ பார்த்த சூடு அதுதான்."

நான் வயல்காட்டில் பிறந்தவன், எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. குளத்தில் தண்ணீர் குறையும்போது மடைகளை அடைத்துவைப்பார்கள். நாங்கள் எல்லா மடையையும் திறந்துவிட்டோம். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்று நான் குதித்தேன். குளம் வற்றியதைப் பார்த்தவர் ஒருவர்தான்.

"அந்த ஆள் முதலில் சொன்னபோதே தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திக் கட்டி, உப்புத் தண்ணீர் விட்டிருந்தால், அநேகமாகப் பிழைத்திருப்பாள்" என்றார் டாக்டர். "அவரிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல்லு."

சொல்லுகிறேன் என்று தலையாட்டினேன். ஐந்து வருஷம் சொல்லவில்லை. சோலி இருந்தது, மழை இருந்தது, உடம்புக்கு முடியவில்லை. இதெல்லாம் சாக்கு. உள்ளதைச் சொன்னால், பழியைச் சுமக்க ஒரு ஆள் கடற்கரையில் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

என் மகள் சேரன்மகாதேவியில்தான் வளர்ந்தாள். ஒருநாள் நான் போயிருந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே, பூனைக்குட்டி ஓடிப்போனதைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்: "அப்பா, எங்கம்மய ஒரு வேதக்காரன் கொன்னுட்டானாம். ஒங்களுக்குத் தெரியுமா?"

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

ரயிலில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து வண்டி பேசித் தெற்கே மணலில் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. தங்கை வீட்டுக்குப் பின்னால், உச்சி வெயிலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை.

"பிள்ள எப்பிடி இருக்கு அய்யா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கா. அஞ்சு வயசு."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டேன். டாக்டர் சொன்னதை முழுக்கச் சொன்னேன், பிழைத்திருப்பாள் என்றதைத் தவிர. ஊசிதான் ரத்தத்தைக் காலுக்கு இறக்கியது என்றேன். அவர் மெல்லத் தலையாட்டினார். "அதான் கால் சூடா? அதுதான் எனக்கு வெளங்காமலே இருந்துது" என்றார்.

"நீங்க சொன்னிய. நாந்தான் கத்தி அமுக்கிட்டேன். பழிய ஒங்க மேல விட்டுட்டுச் சும்மா நின்னேன்" என்றேன்.

"இல்ல அய்யா. அது அப்பிடி இல்ல." பின்னால் கட்டிய கைகளை எடுக்கவில்லை. "ஒருதரம் சொன்னேன். ரெண்டாந்தரம் கத்தணும்னு வாயெடுத்தேன். வேல போனாப் போவுதுன்னுதான் எடுத்தேன். அப்ப ஒங்க மொகத்தப் பாத்துட்டேன். அந்தக் காலக் கன்னத்துல வச்சிக்கிட்டு இருந்திய. ஒரு மனுசன் அம்புட்டுச் சந்தோசப்பட்டு நான் பாத்ததே இல்ல. எப்பவும் முந்தி இழுக்கவந்தான நானு? இன்னைக்கும் நம்ம கைதான் பொய் சொல்லுதோ என்னமோ, கொஞ்சம் பொறுப்பமேன்னு நெனச்சிட்டேன். ஆயுசுல அந்த ஒரு தடவதான் பொறுத்தேன்."

 அவர் குனிந்து வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

"ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். நான் மொதல்லயே கத்தியிருந்தா அந்தம்மா பொழச்சிருப்பாகளா?"

டாக்டரின் வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.

"பொழச்சிருக்க மாட்டா அண்ணாச்சி" என்றேன். அவரை அண்ணாச்சி என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வண்டியில வந்து எறங்கும்போதே எல்லாம் முடிஞ்சிட்டுன்னு டாக்டரே சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் அப்படியே மணலில் குந்தி, முழங்காலுக்கு இடையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பெருங்குரலெடுத்து அழுதார். சத்தம் கேட்டுத் தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வேற்று ஆளான என்னையும் அழுகிற அண்ணனையும் மாறிமாறிப் பார்த்து, "என்னண்ணே? யாருக்கு என்ன? யாரும் தவறிட்டாகளா?" என்று பதறினாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஒண்ணுமில்லட்டி. நல்ல சேதிதான். இவுக இம்புட்டுத் தூரம் கொண்டாந்திருக்காக. வெயில்ல வந்திருக்காக, குடிக்க எதாவது கொண்டா" என்றார்.

கருப்பட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த வீட்டுச் செம்பில் வாய் வைத்து முழுவதையும் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கிறவரை சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.